இரும்பும் இல்லை, கம்பிச்சுருளும் இல்லை

நம்பிக்கை: காந்தப்புலம் உண்டாக ஒரு காந்தம் வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள் வேண்டும்.

உண்மை: இரண்டும் வேண்டாம். 1971-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஸ்டாம்பர் குழுவினர், லேசர் உண்டாக்கிய பிளாஸ்மாவுக்குள் (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் சூடான வாயு) ஆயிரம் காஸ் அளவிலான காந்தப்புலம் தானாகவே எழுவதை அளந்து வெளியிட்டார்கள். பூமியின் புலம் ஏறக்குறைய அரை காஸ்தான். இன்னும் வலிமையான லேசர்கள் வந்தபின் இந்தப் புலம் பத்து லட்சம் காஸைத் தொட்டது. அது 100 டெஸ்லா; மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலும் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா.

எப்படிப் பிறக்கிறது? லேசரை ஒரு தகட்டின் மீது பாய்ச்சினால், பட்ட இடத்தில் தகடு ஆவியாகி, பிளாஸ்மாவாக முன்னோக்கிச் சீறுகிறது. தகட்டை விட்டு விலக விலக அடர்த்தி குறைகிறது. வெப்பநிலையோ ஒளிப்புள்ளியின் நடுவிலிருந்து பக்கவாட்டில் குறைகிறது. இந்த இரண்டு சரிவுகளும் ஒரே திசையில் இருந்தால், எலக்ட்ரான்களைத் தள்ளும் அழுத்தத்தை ஒரு மின்புலம் ஈடுகட்டிவிடும், எதுவும் நடக்காது. திசைகள் குறுக்கிடும்போது அந்தச் சமநிலை கூடாமல் போகிறது. எலக்ட்ரான்கள் சுற்றி ஓடத் தொடங்குகின்றன. லேசர் கற்றையின் அச்சைச் சூழ்ந்து காந்தப்புலம் வளையமாக வளர்கிறது. மதியத்தில் கடற்காற்று எழுவதற்கும் அடிப்படை இதுவே: அழுத்தமும் அடர்த்தியும் வெவ்வேறு திசைகளில் மாறுவதால் காற்று சுழல ஆரம்பிக்கிறது.

நம்பிக்கை: பிளாஸ்மாவில் எழுவது லேசர் ஒளியிலேயே இருக்கும் காந்தப்புலம்தான்.

உண்மை: ஒளியின் புலம் ஓயாமல் திசை மாறுவது. நியோடிமியம் லேசரின் அகச்சிவப்பு ஒளியில் அது விநாடிக்குச் சுமார் 280 லட்சம் கோடி முறை அலைகிறது, சராசரி பூஜ்யம். பிளாஸ்மாவில் எழும் புலம் ஒரே திசையில் நிலைத்து வளர்வது.

நம்பிக்கை: இது ஆய்வுக்கூடத்து வேடிக்கை.

உண்மை: காந்தப்புலம் பிறக்கும் இந்த வழியை ஜெர்மானிய வானியற்பியலாளர் லுட்விக் பியர்மான் 1950-இல் எழுதினார், விண்மீன்களின் காந்தப்புலம் எங்கிருந்து வந்தது என்று விளக்க. முதல் லேசர் வந்ததே 1960-இல்தான். விண்மீன் மண்டலங்களின் இன்றைய புலம் ஒரு சிறு விதைப்புலம் பெருகியதால் வந்தது என்பது பரவலான கருத்து. ஆனால் பெருக்குவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே! பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வல்லமை பியர்மான் சொன்ன வழிக்கு உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். லேசர் அணுக்கரு இணைவு ஆய்விலும் இது முக்கியமானது. வெப்பத்தைச் சுமந்து செல்லும் எலக்ட்ரான்களை இந்தப் புலம் வளைத்துத் திருப்பி, வெப்பம் பரவுவதைத் தடுக்கிறது. இதைச் சேர்க்காத கணக்கில் பிளாஸ்மாவின் வெப்பநிலையே தவறிப்போகக்கூடும்.