மஞ்சளுக்கு யார் சொந்தக்காரர்?



"மஞ்சளை அமெரிக்காக்காரன் பேடன்ட் எடுத்துவிட்டான், இனி நாம் விற்கவே முடியாது" என்று 1990-களில் கிளம்பிய பேச்சு இன்றும் சில கடைகளில் காதில் விழுகிறது. நடந்தது அதுவல்ல. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமை, காயம் ஆற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு மட்டுமே. குழம்புக்கு விற்கும் மஞ்சளுக்கு அதனால் தடையில்லை. ஆனால் அடிபட்ட இடத்தில் மஞ்சள் பற்றுப் போடுவது நம் பாட்டிமாருக்குப் புதுக் கண்டுபிடிப்பா? நமது அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 1996-ல் எதிர்த்து மனுச் செய்தது. பழைய நூல்களோடு 1953-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997-ல் உரிமை ரத்தாயிற்று.

காப்புரிமை என்பதே ஒரு கொடுக்கல் வாங்கல்தான். கண்டுபிடித்தவர் தம் தொழில் ரகசியத்தை அரசிடம் எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு 20 ஆண்டுகள் பிறர் அதைச் செய்யாதபடி சட்டம் காக்கிறது. கெடு முடிந்தால் அது ஊருக்குப் பொது. இது நியாயமான பேரம் என்பேன். எழுதி வைக்காததால் பெரியவர்களோடு போய்விட்ட மசாலாப் பக்குவங்கள் எத்தனை! ஆனால் பழைய சரக்கையே புதுச் சரக்கு என்று கொடுத்தால் பொதுமக்கள் விலை கொடுத்து ஏமாறுகிறார்கள். மஞ்சள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

மருந்தில் இது உயிர்ப் பிரச்சினை. நமது 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, பொருளுக்குத் தரவில்லை. அதே மருந்தை வேறு வழியில் தயாரிக்க நம் கம்பெனிகள் போட்டி போட்டுப் புது வழிகள் கண்டன, விலையும் இறங்கியது. உலக வர்த்தக ஒப்பந்தப்படி 2005 முதல் பொருளுக்கும் உரிமை தர வேண்டியதாயிற்று. அப்போதும் பாராளுமன்றம் ஒரு பூட்டுப் போட்டது: தெரிந்த மருந்தின் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது, குணம் கூடியிருக்க வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கொண்டே நோவார்ட்டிஸ் கம்பெனிக்கு உரிமை மறுத்தது. அப்போது அதன் மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. நம் கம்பெனிகளின் மாத்திரைக்கு அன்று சுமார் 10,000 ரூபாய்தான் ஆயிற்று. ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் வேண்டும் என்ற கம்பெனிகளின் வாதத்தை நான் தள்ளவில்லை. புது மருந்துக்கு உரிமை இருக்கட்டும். பழையதை நீட்டிக்கொண்டே போவதில்தான் கண்டுபிடிப்பு முடங்குகிறது.

நம் கடைக்கு இதில் என்ன? மிளகும் மல்லியும் புது அளவில் கலந்தேன், பேடன்ட் கிடைக்குமா என்று கேட்பவர் உண்டு. வெறும் கலவைக்கும் வழிவழி வந்த அறிவுக்கும் நம் சட்டத்தில் காப்புரிமை இல்லை. பொடியின் பெயரையும் முத்திரையையும் வணிகச் சின்னமாகப் பதியலாம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் தொடர்ந்து இருக்கும். அரைக்கவோ பாக்கெட் போடவோ புது இயந்திரம் செய்தவர் மட்டும் விற்பனைக்கு விடுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். நாலு பேருக்கு விற்றபின் போனால், "இது புதியதல்ல" என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். நம் மாநிலத்தவர்க்கு அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.