மாற்று மருந்து: ஒரு போதைக்கு இன்னொரு போதையா?



மூங்கில்துறைப்பட்டிலிருந்து நம்முடைய நெடுநாள் பங்காளர் ஒருவர் எழுதியிருக்கிறார். சர்க்கரை ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் குடியிருப்பவர். கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பதையும், அது எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பதையும் கண்ணால் கண்டவர். அவர் கேட்பது இது: "போதை மறுவாழ்வு முகாமுக்கு என் காணிக்கையைத் தருவேன். ஆனால் ஹெராயின் பழக்கமுள்ளவனுக்குத் தினமும் மாத்திரை கொடுக்கும் வேலைக்கு ஏன் தரவேண்டும்? குடிகாரனுக்கு நாமே சாராயம் ஊற்றுவது போல் அல்லவா இது?"

நியாயமான கேள்வி. ஆகவே இந்த இதழின் மருத்துவப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் விஷமாவது எப்படி? கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்ற, கடைசியில் ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. அதுதான் கண்ணைக் குருடாக்கி உயிரைப் பறிக்கிறது. இதற்கு ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. அது கிடைக்காத இடத்தில், சாதாரண எத்தனாலையே மருத்துவர்கள் அளந்து கொடுப்பார்கள். எத்தனால் போய் அந்த நொதியைப் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் மாறாமல் நிற்கும். பிறகு மெதுவாக உடலைவிட்டு வெளியேறும், அல்லது ரத்தச் சுத்திகரிப்பில் எடுத்துவிடலாம். அதாவது, ஆபத்தான ஒன்று உட்காரவேண்டிய நாற்காலியில் ஆபத்து குறைந்த ஒன்றை முந்தி உட்காரவைக்கிறோம். மாற்று மருந்தின் சூட்சுமமும் ஏறக்குறைய இதுதான்.

ஹெராயின், மார்ஃபின், அபின், இப்போது தமிழ்நாட்டில் போலீசார் அடிக்கடி கைப்பற்றும் டேபென்டடால் வலி மாத்திரை எல்லாம் மூளையிலுள்ள ஒரே வகைப் பூட்டைத் திறக்கும் சாவிகள். நாட்பட்ட பழக்கத்தில் மூளை அந்தச் சாவிக்குப் பழகிவிடுகிறது. அது வராத நாளில் கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், எலும்பு முறிவது போன்ற வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. இந்த வேதனை முக்கியமாக ஒரு வாரம். முகாமில் வைத்துக் கவனித்தால் தாண்டிவிடலாம்.

ஆனால் ஆபத்து அதற்குப் பிறகுதான். முகாமை முடித்து வீடு திரும்பியவர்களில் மிகப் பலர் மீண்டும் விழுகிறார்கள். இதற்கிடையில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளிவரும் முதல் வாரங்களிலும் இப்படியே சாவுகள் நடக்கின்றன. முகாம் முடிவில் எடுக்கும் குழுப்படம் நமக்குப் பிரியமானதுதான். எனினும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வருவதுண்டு.

புப்ரினார்ஃபின் என்ற மருந்து அதே பூட்டில் நுழைகிறது. ஆனால் பாதிதான் திரும்புகிறது. வேதனை அடங்குகிறது, ஏக்கம் குறைகிறது. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதன் வேகம் கூடுவதில்லை. பூட்டை இறுகப் பிடித்திருப்பதால், மேலே ஹெராயின் போட்டாலும் பெரிதாக ஏறாது. ஹெராயின் உள்ளே இருக்கும்போதே இதைக் கொடுத்துவிட்டால், இது அதைத் தள்ளிவிட்டு வேதனையைத் திடீரென்று வரவழைக்கும். ஆகவே முதல் நாளில் மருத்துவர் நோயாளியின் கொட்டாவிக்காகக் காத்திருக்கிறார்!

மாத்திரைகள் 2 மில்லிகிராம், 0.4 மில்லிகிராம் அளவுகளில் வருகின்றன. செவிலியர் அதைப் பொடித்து நாக்கின் அடியில் வைக்கிறார். கரையும்வரை நோயாளி அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்து, பின் வாயைத் திறந்து காட்டவேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். இப்படி எதிரில் உட்காரவைத்துக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 1990களில் சென்னையில் இதே மருந்தின் ஊசிக் குப்பிகளை வாங்கி நரம்பில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் பலர். நம் சகோதரரின் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மருந்து அதுவே, யார் கையில், எந்த வழியில் என்பதுதான் வித்தியாசம்.

நியூயார்க்கில் டாக்டர் டோல், டாக்டர் நைஸ்வாண்டர் இருவரும் 1964-இல் மெத்தடோனைக் கொண்டு இம்முறையைத் தொடங்கினார்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரினார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு நெருக்கமான சாட்சி மணிப்பூரிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் வருகிறது. மியான்மர் எல்லை வழியாக வந்த ஹெராயினை ஊசியில் ஏற்றி, ஊசியைப் பகிர்ந்து, 1990 வாக்கில் மணிப்பூரில் ஊசிப் பழக்கமுள்ளவர்களில் பாதிப் பேரிடம் எச்.ஐ.வி. பரவிவிட்டது. 2006 முதல் அவ்விரு மாநிலங்களிலும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து இந்த மாத்திரையைக் கொடுக்க முன்வந்தது யார் தெரியுமா? மிஷன் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கம். சிகிச்சையில் நிலைத்தவர்களிடம் ஊசிப் பகிர்வும், போலீஸ் பிடியில் சிக்குவதும் வெகுவாகக் குறைந்ததை அதன் ஆய்வு பதிவுசெய்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் 2007-இல் தொடங்கிய அதன் மூன்றாம் கட்டத்தில் இச்சிகிச்சையை ஏற்றது.

ஜெபம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நீரிழிவுக்காரருக்காக ஜெபிக்கிறோம், இன்சுலினையும் போடுகிறோம்.

"அப்படியானால் என் வீட்டுக்காரரின் குடிக்கும் இப்படி ஒரு மாத்திரை உண்டா?" என்று மலைக் கிராமத்துச் சகோதரிகள் கேட்கக்கூடும். இல்லை. குடிக்கு மாற்றாக நாள்தோறும் தரும் மருந்து கிடையாது. டைசல்பிரம் என்பது வேறு வகை; அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் சொன்னபடி மட்டுமே தரவேண்டும். தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடிதத்தின் கடைசி வரி: "எத்தனை நாளைக்கு?" பலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல், சிலருக்குப் பல வருஷங்கள். வேலை, வீடு, தூக்கம் மூன்றும் ஒழுங்கானபின், நோயாளியே கேட்டால், சிறிய மாத்திரைகளாக மாதக்கணக்கில் மெல்லக் குறைக்கிறார்கள். இடையில் ஏக்கம் திரும்பினால் அளவைப் பழையபடி ஏற்றுவார்கள். அதுவரை ஞாயிறும் பொங்கலும் கிறிஸ்துமசும் பாராமல் மையம் திறந்திருக்கவேண்டும். மருந்தைவிடச் செலவு அதற்குத்தான்: செவிலியர் சம்பளத்துக்கும், தினம் வந்துபோகிறவரின் பஸ் சார்ஜுக்கும்.