சலத்தொற்றுக்கு ஒரு கணக்குக் கொப்பி

முதியோரைப் பராமரிப்போருக்கான பாடம்

வயலில் வேலை செய்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று வைத்தியசாலையில் சந்தேகித்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வைத்தியர் ஒரு படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து, எந்த வயலில் இறங்கினீர்கள், எந்த வாய்க்காலில் குளித்தீர்கள் என்று விசாரிப்பார். டெங்குக் காய்ச்சலுக்கும் இதுவே நடைமுறை. இவை சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய நோய்கள்.

அதே வீட்டின் பின்னறையில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்குச் சலத்தொற்று வந்தால் விசாரிக்க எவரும் வருவதில்லை. அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலில் சலத்தொற்று இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு இது வந்தாலும், அங்குள்ளவர்கள் தாமாக எழுதி வைக்காவிட்டால் ஐந்து என்ற எண் எங்கும் பதியப்படாது. எண் இல்லாத இடத்தில் காரணம் தேடுவாரும் இல்லை.

எமது மாவட்டத்தில் இது சிறிய விடயம் அல்ல. 2006 ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. சம்பூர் மக்கள் தமது காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே. இடம்பெயர்ந்தபோது 60 வயதாக இருந்தவர்கள் இன்று 80 வயதை எட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் கூலிவேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால் சிலர் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். பலர் மகளோடும் மருமகளோடும் ஓரறை வீட்டில் இருக்கிறார்கள். இந்தப் பாடம் அவர்களைப் பராமரிக்கும் எல்லோருக்கும் உரியது.

1. சலத்தொற்று எப்படி வருகிறது?

எமது குடலில் வாழும் பற்றீரியாக் கிருமிகள் சலவழியாக மேலேறிச் சலப்பையை அடைந்து, அங்கே பெருகி உடலைத் தாக்குவதே சலத்தொற்று. பெண்களுக்குச் சலவழி குறுகியது. ஆகவே அவர்களுக்கு இது இலகுவில் வருகிறது. வயதான ஆண்களுக்கு, சலப்பையின் கீழுள்ள சுரப்பி வீங்கிச் சலம் முழுதாக வெளியேறாமல் தேங்குவதால் வருகிறது. நீரிழிவு, மலச்சிக்கல், நனைந்த துணியுடன் நெடுநேரம் கிடத்தல் என்பனவும் காரணங்களாகும்.

இன்னொரு காரணத்தை முகாமில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மலசலகூடம் தூரத்தில், இரவில் வெளிச்சம் இல்லை, தனியே போகப் பயம். ஆகவே மாலை வந்ததும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள், சலத்தை அடக்கினார்கள். முகாம் போய்விட்டது, பழக்கம் பலரிடம் இன்றும் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், உடல் வியர்த்து உலர்ந்துபோகும்போது, இந்தப் பழக்கம் மேலும் கேடு செய்யும்.

தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் வயதானவர் தமது நோவைச் சொல்லக் கூச்சப்படுவார். மகனிடம் எப்படிச் சொல்வது என்று அடக்கிக்கொள்வார்.

2. எதனை எண்ணுவது?

எண்ணுவதற்கு முன் எதனை எண்ணுகிறோம் என்பதில் எல்லோரும் ஒன்றுபட வேண்டும். ஒருவர் கலங்கிய சலத்தைத் தொற்று என்று எழுதி, இன்னொருவர் காய்ச்சல் வந்தால் மட்டும் எழுதினால் அந்தக் கணக்கால் பயன் இல்லை.

சலம் மணப்பதும் கலங்குவதும் மட்டும் தொற்று ஆகா. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் அப்படி நேரும். சலத்தில் கிருமி இருப்பதுகூடத் தனியே நோய் அல்ல. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் 100 பேருக்கு 25 முதல் 50 பேர் வரையும், ஆண்களில் 100 பேருக்கு 15 முதல் 40 பேர் வரையும் எந்த வருத்தமும் இன்றியே சலத்தில் கிருமி உடையவர்கள் என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. இவர்களுக்கெல்லாம் அன்ரிபயோற்றிக் மருந்து கொடுத்தால் நன்மை இல்லை, தீமை உண்டு. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து வேலை செய்யாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கனடா நாட்டு வைத்தியர் அலிசன் மக்கியரும் அவரது கூட்டாளிகளும் 1991 ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கென்று எண்ணும் விதிகளை வெளியிட்டார்கள். அவை 2012 இல் திருத்தப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், முதியோர் இல்லங்கள் தமது தொற்றுக் கணக்கை அனுப்புவதற்கு ஒரு தேசிய ஒழுங்கை ஏற்படுத்தியது. கனடாவில் இத்தகைய இல்லங்களில் எம்மவர் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் இந்தப் பதிவுகளைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த விதிகளின் சாரத்தை எளிமையாகச் சொன்னால் இதுதான்:

(அ) சலக்குழாய் (கதீற்றர்) போடாதவருக்கு: சலம் போகும்போது புதிதாகக் கடுப்பு வந்திருக்கவேண்டும். அல்லது காய்ச்சலோடு, அடிவயிற்று நோவு, விலாப்புற நோவு, சலத்தில் இரத்தம், அடிக்கடி போதல், அடக்கமுடியாமை, தானாகக் கசிதல் ஆகியவற்றில் ஒன்றாவது புதிதாக வந்திருக்கவேண்டும். காய்ச்சல் இல்லையென்றால், விலாப்புற நோவு தவிர்ந்த மற்றவற்றில் இரண்டாவது புதிதாக வந்திருக்கவேண்டும்.

(ஆ) சலக்குழாய் போட்டவருக்கு: வேறு காரணம் தெரியாத காய்ச்சல் அல்லது நடுக்கம், புதிய விலாப்புற அல்லது அடிவயிற்று நோவு, குழாயைச் சுற்றிச் சீழ் ஆகியவற்றில் ஒன்று வேண்டும்.

(இ) இருவருக்கும் பொதுவாக: சலத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடப் பரிசோதனை (கல்ச்சர்) தொற்றை உறுதிசெய்யவேண்டும்.

"புதிதாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்து ஆண்டுகளாகச் சலம் கசிகிறவருக்கு இன்றும் கசிந்தால் அது தொற்றின் அடையாளம் அல்ல. ஆகவே அவருடைய வழக்கமான நிலை என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி இருந்தும் கல்ச்சர் செய்ய முடியாமற் போனால் "சந்தேகம்" என்றும், செய்து உறுதியானால் "உறுதி" என்றும் இரண்டு நிரல்களில் எழுதுங்கள். இரண்டையும் கலக்கவேண்டாம். இந்த விதி எண்ணுவதற்கு மட்டுமே. மருந்து கொடுப்பதா இல்லையா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

3. மூடைக் கணக்கு

ஒரு கமக்காரருக்கு 100 மூடை நெல், இன்னொருவருக்கு 60 மூடை. யாருடைய விளைச்சல் நல்லது? நீங்கள் உடனே திருப்பிக் கேட்பீர்கள்: "எத்தனை ஏக்கரில்?" முதலாமவர் 5 ஏக்கரில் எடுத்தார், ஏக்கருக்கு 20 மூடை. இரண்டாமவர் 2 ஏக்கரில் எடுத்தார். ஏக்கருக்கு 30 மூடை. குறைந்த மூடை எடுத்தவருடைய விளைச்சலே நல்லது.

தொற்றுக் கணக்கும் இப்படித்தான். இங்கே ஏக்கருக்குப் பதிலாக "ஆள்-நாள்" வருகிறது. ஒருவர் ஒரு நாள் இல்லத்தில் தங்கினால் அது ஓர் ஆள்-நாள். உதாரணமாக இரண்டு இல்லங்களை எடுப்போம். முதலாவதில் 20 பேர் 30 நாள் இருந்தார்கள்; 600 ஆள்-நாள். மூன்று தொற்றுகள். 3 ஐ 600 ஆல் பிரித்து 1000 ஆல் பெருக்கினால் 5 வரும். இரண்டாவதில் 50 பேர் 30 நாள், 1500 ஆள்-நாள். நான்கு தொற்றுகள். அதே கணக்கைச் செய்தால் ஏறக்குறைய 2.7 வரும். நான்கு தொற்று வந்த இல்லமே நல்ல நிலையில் இருக்கிறது.

4. குழாய்க் கணக்கு

சலக்குழாய் போட்டவர்களைத் தனியே எண்ணவேண்டும். ஏனெனில் குழாய் கிருமிக்கு ஓர் ஏணி. குழாய் போட்டவர்களில் ஒவ்வொரு நாளும் 100 பேருக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சலத்தில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் குழாய் இருக்கிறது என்று எழுதுங்கள். மேலே சொன்ன 20 பேரில் நால்வருக்கு மாதம் முழுவதும் குழாய் இருந்தால் அது 120 குழாய்-நாள். மூன்று தொற்றில் இரண்டு அவர்களுக்கு வந்ததென்றால், 2 ஐ 120 ஆல் பிரித்து 1000 ஆல் பெருக்க 16.7 வரும். குழாய் இல்லாத மற்ற 480 ஆள்-நாளில் ஒரு தொற்று, அது 2.1. இப்போது எங்கே பார்க்கவேண்டும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் தெரிகிறது: "இந்த நால்வருக்கும் குழாய் இன்னமும் தேவைதானா?"

தேவையானால், சலம் சேரும் பையைச் சலப்பைக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். குழாயைப் பையிலிருந்து கழற்றவேண்டாம். பையை வெறுமையாக்க முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய கோப்பையை மற்றவருக்குப் பயன்படுத்தவேண்டாம்.

5. கொப்பியில் எழுதவேண்டியவை

ஒரு சாதாரண கோடிட்ட கொப்பி போதும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இவற்றை எழுதுங்கள்:

• திகதி, முதியவரின் இலக்கம், வயது, ஆணா பெண்ணா
• குழாய் உண்டா. உண்டென்றால் போட்ட திகதி
• அறிகுறிகள் தொடங்கிய நாள், உடல் வெப்பம்
• சலம் பரிசோதனைக்குக் கொடுத்த நாளும் முடிவும்
• கொடுத்த மருந்து, எத்தனை நாள்
• சுகமானாரா, வைத்தியசாலைக்குச் சென்றாரா, இறந்தாரா

பரிசோதனைக்கான சலத்தை மருந்தின் முதல் வேளைக்கு முன்னரே எடுக்கவேண்டும். முதலில் வரும் சலத்தை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடித்து உடனே ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். குழாயுள்ளவருக்குப் பையில் தேங்கிய சலத்தைக் கொடுக்கவே கூடாது; தாதிய உத்தியோகத்தர் முறைப்படி எடுக்கவேண்டும்.

6. யாருக்கு அறிவிப்பது?

பூட்டிய அலுமாரியில் கிடக்கும் கொப்பியால் பயன் இல்லை. மாத முடிவில் எண்ணைக் கணித்து, பராமரிப்பாளர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள். இல்லத்துக்கு வரும் வைத்தியருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் காட்டுங்கள். வெளியே போகும் அறிக்கையில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். எண் திடீரென ஏறினால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஆலோசனை கேளுங்கள். தண்ணீர்த் தாங்கி பழுதானதா, இரவு வேலைக்கு ஆள் குறைந்ததா, புதிதாக வந்தவருக்குக் கை கழுவும் முறை காட்டப்படவில்லையா என்று தேடுங்கள். குற்றம் சுமத்தத் தேடவேண்டாம். ஏச்சு வாங்கியவர் அடுத்த முறை எழுதமாட்டார். எண் குறையும், நோய் குறையாது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. உங்கள் தாயோ தகப்பனோ அத்தகைய இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை பார்க்கப் போகும்போது பழம் கொண்டுபோவதோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள்: "போன மாதம் இங்கே எத்தனை பேருக்குச் சலத்தொற்று வந்தது?" கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

7. வீட்டில் பராமரிப்போருக்கு

வீட்டில் ஆள்-நாள் கணக்கு வேண்டாம். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்திலே திகதி, அறிகுறி, மருந்து ஆகிய மூன்றையும் எழுதினாலே போதும். "போன வருடம் இது எத்தனை முறை வந்தது?" என்று வைத்தியர் கேட்கும்போது சரியான பதில் உங்கள் கையில் இருக்கும். இருதயம், சிறுநீரகம் காரணமாக வைத்தியர் தண்ணீரைக் கட்டுப்படுத்தாவிட்டால், பகல் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். நேரம் வைத்து மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்களை முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். அயல்வீட்டார் மிச்சம் வைத்த குளிசையைக் கொடுக்கவேண்டாம்.

காய்ச்சலோடு நடுக்கம், திடீர்த் தடுமாற்றம், எழுப்ப முடியாத மயக்கம், வேகமான மூச்சு, சலமே போகாமை ஆகியவற்றில் ஏதாவது கண்டால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தடுமாற்றம் மட்டும் இருந்து காய்ச்சல் இல்லையென்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்குச் சீனி குறைதல், உடல் உலர்தல், புதிய மருந்து போன்ற வேறு காரணங்களும் உண்டு.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் முதியவர் ஒருவர் இரவில் மலசலகூடத்துக்குப் போக எத்தனை அடி நடக்கவேண்டும்? வெளிச்சம் உண்டா?
2. சலக்கடுப்பைப் பற்றித் தாய் யாரிடம் கூச்சமின்றிச் சொல்வார்? அவர் அருகில் இல்லாவிட்டால் யார் கேட்பது?
3. 40 பேர் உள்ள இல்லத்தில் 30 நாளில் 6 தொற்றுகள். 1000 ஆள்-நாளுக்கு எத்தனை? (விடை: 5)
4. முதியோர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கொப்பியைப் பற்றிப் பேச யார் முன்வருவீர்கள்?

நெல்லையும் விதையையும் உரத்தையும் கடனையும் நாம் எழுதி வைக்கிறோம். அந்த நிலத்தை எமக்குத் தந்தவர்களின் நோவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.