அமினோ அமிலங்களும் நெசவாளர் ஆகாரமும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளர் முதலில் கேட்டு வாங்குவது கடன் மனுக்களின் கட்டு. கலியாணம், வீட்டுக் கூரை, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் என்று பலவகைக் காரியங்கள் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அண்மைக் காலமாகக் காஞ்சிபுரம் வட்டாரத்து மனுக்களில் வைத்தியம் என்னும் தலைப்பின்கீழ் வேறொரு செலவும் சேர்ந்து வருகின்றது. காய்ச்சலிலிருந்தோ அறுவைச் சிகிச்சையிலிருந்தோ எழுந்த அங்கத்தினர், உடம்பு தேறுவதற்காக அமினோ அமில மாவு டின் வாங்கியதாகக் குறிப்பிடுகின்றார். ஒரு டின்னின் விலை பல நாட்களின் நெசவுக் கூலியை விழுங்கிவிடும். கடன்பட்டு வாங்கும் பண்டத்தில் என்ன இருக்கின்றது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

புரதச் சத்து நெசவாளருக்கு அந்நியமான பொருளன்று. அவர் கையில் நாள்தோறும் புரளும் பட்டு நூலே புரதந்தான். மல்பெரி இலையைத் தின்ற புழு, ஃபைப்ராயின் என்னும் இழையையும், அதன்மேல் செரிசின் என்னும் பசையையும் சுரக்கின்றது. சாயம் ஏற்றுமுன் நூலைச் சோப்பு நீரில் காய்ச்சும்போது கரைந்து போவது இந்தச் செரிசின். நூறு கிராம் கச்சாப் பட்டில் ஏறக்குறைய 25 கிராம் எங்கே போயிற்று என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்துத் திகைக்கும் புதிய இயக்குநர்களுக்கும் இதுவே விடை.

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளைக் கோத்துச் செய்யப்பட்டவை. நமது உடம்பின் புரதங்களில் 20 வகை அமினோ அமிலங்கள் பயன்படுகின்றன. அவற்றுள் 9 வகைகளை உடம்பு தானே ஆக்கிக்கொள்ள இயலாது. ஆகாரத்திலிருந்தே பெற்றாக வேண்டும். பட்டிழையிலோ கிளைசின், அலனைன், செரின் ஆகிய மூன்றுமே பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இருக்கின்றன. இம்மூன்றும் அந்த ஒன்பதில் சேர்ந்தவை அல்ல. ஆகவே புரதம் என்ற பெயரை மட்டும் பார்த்து ஒரு பண்டத்தை மதிப்பிடுதல் கூடாது.

கோர்வைச் சேலை நெய்வோர்க்கு இதை விளக்குவது எளிது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று ஓடுகின்றன. ஒரு கரையின் நூல் தீர்ந்துவிட்டால், மற்ற இரண்டிலும் எவ்வளவு நூல் இருந்தும் தறி நின்றுதான் போகும். உடம்பும் அவ்வாறே. ஒன்பதில் ஒன்று குறைந்தாலும், அந்தக் குறைவின் அளவுக்கே புது சதை வளரும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகின்றது. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் வேகும் இட்லி, அரிசியும் உளுந்தும் கலந்ததே. அமினோ அமிலம் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நம்மவர் இந்தச் சேர்க்கையைக் கண்டிருக்கின்றனர் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாக்கும் வயிறும் நல்ல பரிசோதகர்கள்.

எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். 400 கிராம் அரிசியில் சுமார் 30, 50 கிராம் பருப்பில் 11, ஒரு தம்ளர் பாலில் 6, ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் வெறும் சோறும் ரசமுமாக உண்பவர்க்கு நேராகாது. வயிறு நிறைய உண்ணாதவர்க்கும் நேராகாது. சூடு போதாதபோது உடம்பு புரதத்தையே எரித்துவிடுகின்றது. அது தறிச் சட்டத்தை விறகாக்குவது போன்றது.

நோய்க்காலத்தில் உடம்பு தன் சதையையே கரைத்துச் செலவிடுவதால் தேவை கூடுகின்றது. இங்கே நமது சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கூறவேண்டும். 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினரை வீட்டிலும், மற்றோரைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தனர். சானடோரியத்தில் ஆகாரம் மிக மேலானது, வீட்டிலோ எளியது. ஆயினும் குணம் அடைந்தோர் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என 1959-இல் வெளியிட்டனர். மருந்தின் வேலையை ஆகாரம் செய்யாது என்பது இதனால் விளங்கியது. ஆகாரம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்ததில், அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவிகிதம் குறைந்தது. நோயாளிகளுக்கு அரிசி, வறுத்த கடலைமாவு, பால்மாவு, எண்ணெய், விட்டமின் மாத்திரை கொடுத்தனர். முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியோரிடையே இறப்பு மிகக் குறைவு. நமது அங்கத்தினர் குடும்பங்களில் காசநோய்ச் சிகிச்சை பெறுவோர்க்கு மத்திய அரசு ஆகாரத்திற்காக மாதம் ரூ. 500 கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது ரூ. 1,000. வங்கிக் கணக்கு எண்ணைச் சுகாதார நிலையத்தில் கொடுத்திருக்கின்றனரா என்று செயலாளர்கள் விசாரித்தல் நலம்.

டின் மாவுக்கு இடமே இல்லையா? உண்டு. வாயால் உண்ண இயலாதவர்க்கு மருத்துவமனையில் அமினோ அமிலக் கரைசலை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவர். விழுங்க முடியாத முதியோர்க்கும் வைத்தியர் புரத மாவு எழுதித் தருவதுண்டு. அதுவும் வைத்தியர் அளவில். மிகக் கடுமையான நோயாளிகளுக்குக் குளூட்டமின் என்னும் அமினோ அமிலத்தை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு கூடியதே என்று 2013-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு மிகைப் புரதம் தீங்கு. புரத மாவுகளைத் தவிர்க்குமாறு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் பொதுமக்களுக்குக் கூறியுள்ளது.

இனி, நமது பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம் இருக்கின்றது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் முன்பு எண்ணெய் நீக்கிய கடலைமாவு மூன்று பங்கும் கொண்டைக்கடலைமாவு ஒரு பங்கும் சேர்த்துச் சத்துமாவு செய்தனர். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டு, அறுவடைக் காலத்தில் உளுந்தையும் கடலையையும் நேராக வாங்கித் தவணையில் வழங்குவதற்கு இரு தரப்பும் மனம் வைத்தால் வழி பிறக்கும். பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் கண்டிப்பாகத் தள்ளிவிட வேண்டும். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் அது முற்றாகப் போவதில்லை.