இரண்டு நிமிட விமானப் பயணம்

'வேகம் = தொலைவு ÷ காலம்' என்பதை நம் மாணவர்கள் தடுமாறாமல் ஒப்பித்துவிடுவார்கள். கிடைத்த விடை நடக்கக்கூடியதா என்று பார்க்கும் வழக்கம்தான் குறைவு. அதற்கு என் வகுப்பில் கைகொடுத்தவை இரண்டு சிறிய விமான நிலையங்கள்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டம் உள்ளது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளுக்கிடையே 1967 முதல் விமானம் பறக்கிறது. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இது. ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும்கூட இதில் சென்று வருகிறார்கள். தொலைவு 2.7 கி.மீ. அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒருநாள் 53 விநாடிகளில் கடந்ததே சாதனை. சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதையே ஏறத்தாழ 3.6 கி.மீ. நீளம் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

முதலில் வேகத்தைக் கணக்கிடச் சொன்னேன். 2 நிமிடத்தில் 2.7 கி.மீ. என்றால் மணிக்கு 81 கி.மீ. "நம்ம ஊர் பஸ்ஸே இந்த வேகத்துல போகும் சார்!" என்றான் ஒருவன். நியாயமான சந்தேகம். 53 விநாடி என்றால் மணிக்குச் சுமார் 183 கி.மீ. வருகிறது. ஒரே தொலைவுக்கு ஏன் இரண்டு வேகம்? ஓடுபாதையில் ஊர்ந்து செல்வது, மேலெழுவது, காற்றை எதிர்நோக்கித் திரும்புவது, இறங்குவது எல்லாம் அந்த 2 நிமிடத்துக்குள் அடங்கும். சராசரி வேகத்துக்கும் கணநேர வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்லலாம். இரு நிலையங்களும் ஏறத்தாழ 59.35° வட அட்சரேகையில் உள்ளன. தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 0.05°. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கிய மாணவர்களுக்கு 5.55 கி.மீ. வந்தது, உண்மைத் தொலைவைப்போல் இருமடங்கு! பிழை அவர்களுடையது அன்று, என்னுடையது. 111 கி.மீ. என்பது தீர்க்கரேகைக்கு நிலநடுக்கோட்டில் மட்டுமே பொருந்தும் என்று நான் சொல்லவே இல்லை. துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் நெருங்கிவருவதை உலக உருண்டையில் விரலால் தொட்டுக் காட்டினேன். பிறகு cos மதிப்பை (0.51) அட்டவணையில் பார்த்துப் பெருக்கினார்கள்: 111 × 0.51 × 0.05 = 2.83 கி.மீ. 2.7-க்கும் 2.83-க்கும் இடையே சிறு வேறுபாடு இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசுவது நல்லது.

வீட்டுப்பாடத்துக்கு நேர்மாறான ஒரு பயணம் கொடுத்தேன். சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோவிலிருந்து மேற்கே பசிபிக் கடலில் தனித்து நிற்கும் ஈஸ்டர் தீவு வரை சுமார் 3,750 கி.மீ. அங்கே கடிகாரம் 2 மணி நேரம் பின்தங்கியிருக்கும். காலை 8.00 மணிக்குப் புறப்பட்ட விமானம் அத்தீவின் நேரப்படி 11.30-க்கு இறங்குகிறது எனக் கொள்வோம். வேகம் என்ன? 3½ மணி நேரம் எனக் கழித்தவர்களுக்கு மணிக்கு 1,071 கி.மீ. வரும்; சாதாரணப் பயணிகள் விமானம் அவ்வளவு வேகத்தில் பறப்பதில்லை. உண்மையில் பறந்தது 5½ மணி நேரம், வேகம் சுமார் 682 கி.மீ. மறுநாள் ஐந்து பேர் இந்த விடையோடு வந்தார்கள். மற்றவர்கள் 1,071-ஐ அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினார்கள்.