அரச இரகசியமும் தகவல் அறியும் உரிமையும்

மாணவர்களே, 2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளமும், 2022 ஏப்ரல் 3இல் சமூக ஊடகங்களும் இலங்கையில் முடக்கப்பட்டன. பேச்சுச் சுதந்திரம் அரசியலமைப்பின் உறுப்புரை 14(1)(அ) தரும் உரிமை. தேசிய பாதுகாப்பு முதலியவற்றுக்காகச் சட்டப்படி அதனை மட்டுப்படுத்த உறுப்புரை 15 இடமளிக்கிறது.

ஆனால் மறைப்பது நாட்டைக் காக்கவா, தவறை மூடவா? இதைக் கேட்கும் வழியே தகவல் அறியும் உரிமை. 2015இல் 19ஆவது திருத்தம் இதனைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையை வகுத்தது.

படிமுறை:
1. தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்தல்.
2. மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு.
3. பின்னர் ஆணைக்குழு.

உதாரணம்: வலிகாமம் வடக்கில் தன் காணி ஏன் விடுவிக்கப்படவில்லை என ஒருவர் கேட்கலாம்.

நினைவிற் கொள்க: பொதுநலன் மேலோங்கின், மறுக்கத்தக்க தகவலையும் வழங்க வேண்டும்.