அரவணைப்பும் அறவழியும்

பதின்பருவம், உடலும் உள்ளமும் விரைந்து மாறும் பருவம். இப்பருவத்தினர் வழிதவறினால் அவர்களை மட்டும் குறைகூறுதல் முறையாகுமா? நாம் வாழும் கொல்கத்தாவில் நிகழும் கதை ஒன்று இவ்வினாவை எழுப்புகிறது.

தமிழில் 'சுட்டி' என்பது குறும்புப் பிள்ளையைக் குறிக்கும். வங்கமொழியில் விடுமுறையைக் குறிக்கும். இப்பெயரில் இரவீந்திரநாத் தாகூர் 1892ஆம் ஆண்டில் ஒரு சிறுகதை எழுதினார். அதன் நாயகன் பட்டிக், சிற்றூர்ச் சிறுவர்களின் தலைவன், பெருங்குறும்பன். ஒருநாள் தம்பி மாக்கன், அண்ணன் தன்னை அடித்ததாகத் தாயிடம் பொய் கூறினான். பொய்யைப் பொறாத பட்டிக் அவனை அறைந்தான். தாயோ உண்மையை ஆராயாது மூத்தவனையே அடித்தாள். செய்யாத குற்றத்தைச் சுமத்தியதால் செய்த குற்றம் பிறந்தது.

பின்னர்த் தாய்மாமன் அவனைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். அங்கே மாமியின் வெறுப்பும் பள்ளியில் பெற்ற அடியும் அவனை வாட்டின. தொலைந்த பாடநூலைப் பற்றிக் கூறியபோதும் வசையே கிடைத்தது. காய்ச்சலுற்ற அவன், எவரிடமும் கூறாது வெளியேறினான். காவலர் மீட்டு வந்தனர். தாய் வந்தபோது அவன் உயிர் பிரியும் நிலையில் இருந்தான்.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் டிராவிஸ் ஹிர்ஷி, 1969இல் வெளியிட்ட நூலில் குடும்பப் பிணைப்பின் ஆற்றலை விளக்கினார். தவறு செய்யத் தூண்டும் வேளையில் பெற்றோர் அருகில் இல்லாவிடினும், அவர்களின் நினைவு உள்ளத்தில் எழுந்தால் அதுவே தடுக்கும் என்றார். அடியால் விளையும் அச்சம் அடிப்பவர் அகன்றதும் அகலும். அன்பால் விளைந்த மதிப்போ உடன்வரும்.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதவர் தவறிழைத்தால், அவருக்கும் பெற்றோருக்கும் அறிவுரை வழங்கி வீட்டிற்கு அனுப்ப இளைஞர் நீதிக் குழுமம் ஆணையிடலாம்.

வறுமையும் தீய நட்பும் சிறுவரை வழிதவறச் செய்வதுண்டு. எனினும், கேட்கும் செவியும் காரணம் கூறும் கண்டிப்பும் உள்ள வீடு அவற்றைத் தாங்கும் வலிமை தரும். பிழை நேர்ந்தால் மறையாது கூறுதல் பிள்ளைகளின் கடமை. கூறும்வரை பொறுமையுடன் கேட்டல் பெற்றோரின் கடமை.

அருஞ்சொற்பொருள்

அரவணைப்பு – அன்புடன் காத்தல்
வசை – திட்டு
பிணைப்பு – உறவுக் கட்டு

விடையளிக்க

1. 'சுட்டி' என்னும் சொல் இருமொழிகளிலும் உணர்த்தும் பொருள்கள் யாவை?
2. பட்டிக் தம்பியை அறைந்ததற்குக் காரணம் யாது?
3. பட்டிக்கின் தாய் நீங்களாக இருந்தால் யாது செய்திருப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.